கதவடிக் காற்று

மாதா படத்துக்கு ஏற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு எவரார்தோ வீட்டுக்குள் ஜன்னல் ஜன்னலாக அலைந்துகொண்டிருந்தான். புகை நேராக மேலே போனால் சிரிப்பான். கொஞ்சம் வளைந்தால் போதும், "இதோ, இங்க ஒரு ஓட்டை! இது வழியாத்தான் ஏசி காத்து கம்பி நீட்டுது!" என்று கத்திவிட்டு, சுவரில் பென்சிலால் கோடு போடுவான்.

"மாதாவுக்கு வாங்கின பத்தி. நீ சுவத்துக்கு பூசை போட்டுட்டு இருக்கே," என்றாள் மனைவி டெல்ஃபினா, அடுப்பில் டோர்ட்டியா ரொட்டியைப் புரட்டியபடி.

"கரண்ட் பில்லு குறைஞ்சா மாதாவுக்கும் சந்தோஷந்தான்டி. ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸ், ஜூன் மாதம். காரின் கதவைத் துணி வைத்துத்தான் தொட முடியும் என்கிற வெயில். எவரார்தோவின் வீடு பழைய கட்டடம். ஏசி இரவும் பகலும் ஓடியும் அறைகள் வெதுவெதுவென்றே இருந்தன. புழுதிக்காற்று அடித்தால் சோற்றுத் தட்டில் மண் வந்து உட்கார்ந்தது. அதனால் பரணில் வெப்பம் தடுக்கும் பஞ்சை நிரப்பி, இண்டு இடுக்கையெல்லாம் அடைத்து, வீட்டை இறுக்கித் தரும் திட்டம் ஒன்றில் அவன் சேர்ந்திருந்தான். கடைசியில் ஒரு சோதனை உண்டு. அதில் நன்றாகத் தேறினால் அந்த வீட்டை எடுத்துக்காட்டான 'மாதிரி வீடு' என்று அறிவித்து, தெருக்காரர்களையே அழைத்து வந்து காட்டுவார்கள். பணிமனையில் பேருந்துகளுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்த எவரார்தோவுக்கு அந்த நாளை நினைத்தாலே நெஞ்சு நிமிர்ந்தது.

சமையலறையிலிருந்து கார் ஷெட்டுக்குப் போகும் கதவண்டை வந்து பத்தியைக் கீழே தாழ்த்தினான். அவ்வளவுதான், புகை படுத்தேவிட்டது. கதவடியில் விரல்கடை இடைவெளி. யாரோ உறிஞ்சி இழுக்கிற மாதிரி புகை அந்தப் பக்கம் ஓடியது.

"அடேயப்பா! மொத்தக் குளிர்ச்சியும் இங்கதான் போகுது!" என்று கதவைத் திறந்தான்.

வாசற்படியை ஒட்டி, வெறும் தரையில் தலையணையைப் போட்டு, கதவுப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார் அவன் அண்ணன் எலிசியோ.

"என்ன அண்ணே, அங்க கட்டிலு இருக்கு, இங்க வந்து நாயாட்டம் படுத்துக் கெடக்கே?"

"தரையில படுத்தாத்தான்டா முதுகுக்குச் சுகமா இருக்கு," என்று எலிசியோ எழுந்து உட்கார்ந்தார்.

எலிசியோ ஊரெல்லாம் கூரை போட்டுத் தம்பியை வளர்த்தவர். கூரையிலிருந்து விழுந்து ஒரு கால் வளைந்துபோனதும் தம்பியிடம் வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளைக்கு என்று ஷெட்டில் கட்டில் போட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. உள்ளே ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. மகள் யெசேனியா படிக்கப் போன பிறகு அதில் அவளுடைய பொம்மைகளும், யாரும் ஏறி நடக்காத நடைப்பயிற்சி இயந்திரமும் குளுகுளுவென்று குடித்தனம் நடத்தின. டெல்ஃபினா இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தாள். "அவரு சுருட்டு குடிப்பாரு, நாத்தம் போகாது," என்றுவிட்டான் எவரார்தோ. எலிசியோ சுருட்டை விட்டது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு வேலையாட்கள் வந்தார்கள். பரணில் பஞ்சைக் குழாய் வழியாக ஊதி நிரப்பினார்கள். விளக்கு, குழாய், ஜன்னல் என்று சுற்றிலும் நுரையைப் பீய்ச்சி அடைத்தார்கள். சமையலறைக் கதவுக்கு மட்டும் அடியில் ரப்பர் பட்டையைத் தன் கையாலேயே போடுவேன் என்று எவரார்தோ அடம்பிடித்தான். எலிசியோதான் கதவைப் பிடித்துக்கொண்டார், திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"பாரு அண்ணே, ஒரு எறும்புகூட நுழையாது!"

எலிசியோ குனிந்து, ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா இறுக்கமா இருக்குடா," என்றார்.

சோதனை நாள் வந்தது. அன்று நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட். சோதிக்க வருகிறவள் கண்ணில் ஷெட்டில் ஒரு ஆள் குடியிருப்பது பட்டால் வம்பு என்று எவரார்தோ பயந்தான். கார் நிறுத்துமிடத்தில் ஆள் தங்கக் கூடாது என்பது சட்டம். அவள் கேள்வி கேட்பாள், மாதிரி வீடு கைநழுவிப் போகும். காலையிலேயே அண்ணனிடம் போனான்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் பெரிய கதவைத் தொறக்காதே. தெருவுலேருந்து பார்த்தா கட்டிலு தெரியும். ஃபேனையும் அணைச்சிடு, சத்தம் கேக்கும். சமையக்கட்டுக் கதவை நான் வந்து தொறக்கிற வரைக்கும் தொறந்துடாதே. கொஞ்ச நேரந்தான்."

"சரிடா. நான் என்ன சின்னப் புள்ளையா, அழுறதுக்கு?"

லோர்னா என்கிற பெண் கருவிகளோடு வந்தாள். முன்வாசலைத் துணித் திரையால் மூடி, அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினாள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்; வீடு எங்கெங்கே ஒழுகுகிறது என்று கருவி சொல்லும். முடுக்குவதற்கு முன் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் சமையலறைக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"வீட்டுல எத்தனை பேரு சார்?"

"ரெண்டு பேருதாங்க. நானும் இவளும்."

டெல்ஃபினா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

"இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்?"

"யாருமில்லைங்க. பழைய சாமான்தான் கெடக்கு."

"அப்போ அதை வெளின்னே கணக்குல வச்சுக்கறேன்," என்று லோர்னா விசிறியை முடுக்கினாள்.

விசிறி உறுமியது. அவள் அளந்தாள், மறுபடி அளந்தாள், ஜன்னல்களில் கை வைத்துப் பார்த்தாள், பரணில் ஏறி இறங்கினாள். எவரார்தோ பரீட்சை எழுதிய பையனைப் போலப் பின்னாலேயே சுற்றினான். கடைசியில் அவள் சிரித்தபடி, "சார், இந்தத் தெருவுலயே இவ்வளவு இறுக்கமான வீட்டை நான் பார்க்கல. சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வரேன்," என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து, பக்கத்து வீட்டு பெனிக்னோவைக் கூப்பிட்டுப் பெருமை பேசி, அவளை வண்டி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தான். கொஞ்ச நேரம் என்றது பிற்பகலைத் தின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு நினைவே இல்லை.

பெனிக்னோவுக்குக் காட்டத்தான் மறுபடி ஊதுபத்தியைக் கொளுத்தினான். ஜன்னலில் புகை நிமிர்ந்து நின்றது. "இங்க வா, இதைப் பாரு," என்று சமையலறைக் கதவடியில் பத்தியை நீட்டினான். புகை அசையவே இல்லை.

"பலே!" என்றான் பெனிக்னோ. "ஆமா, உங்க அண்ணன் எங்க? காலையிலேருந்து வாசப்பக்கம் காணோமே?"

எவரார்தோவின் கையிலிருந்து பத்தி நழுவியது. கதவை இழுத்தான். அதில் சாய்ந்து கிடந்த எலிசியோவின் தலை சமையலறைத் தரையில் வந்து சரிந்தது. முகம் செங்கல் நிறமாகிக் கிடந்தது. தொட்டால் சுட்டது. வியர்வையே இல்லை. ஷெட்டுக்குள்ளிருந்து அனல் வந்து மூன்று பேர் முகத்திலும் அறைந்தது. வாசற்படியை ஒட்டி அதே தலையணை. அதில் வாய் வைத்துப் படுத்திருந்த பள்ளம் ரப்பர் பட்டைக்கு நேராக இருந்தது.

முதுகுக்குச் சுகம் என்று ஏன் சொன்னார் என்பது எவரார்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் இத்தனை கோடையும் பிழைத்துக் கிடந்தது அந்த விரல்கடை இடைவெளியில் கசிந்த காற்றால். அதையும் அவன் அடைத்தான். அவர் கையாலேயே திருகாணி வாங்கி அடைத்தான்.

டெல்ஃபினா ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டிக் கொண்டு ஓடிவந்தாள். பெனிக்னோ ஆம்புலன்சைக் கூப்பிட்டான். எவரார்தோ அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கண்ணைத் தொற அண்ணே," என்று புலம்பினான். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

மருத்துவமனையில் செவிலி கேட்டாள்: "எங்க இருந்தாரு இவரு?"

"வீட்டுலதாங்க."

"வீட்டுல ஏசி ரிப்பேரா?"

ஏசி பழுதில்லை. வீட்டில் எழுபத்தெட்டு டிகிரி. சற்று முன்னால்கூடப் பெனிக்னோவிடம் அதைத்தான் பீற்றிக்கொண்டிருந்தான். டெல்ஃபினா அவனையே பார்த்தாள். நீயே சொல்லு என்றது அந்தப் பார்வை.

"கார் ஷெட்டுல இருந்தாருங்க," என்றான் எவரார்தோ. "ஃபேனை அணைக்கச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். நான்தான்."

செவிலி திட்டவில்லை. தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுவரோரம் கூனிக் குறுகி நின்றான். எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களை நிமிர்ந்து பார்க்கவும் கூசியது. இவர் போய்விட்டால் நான்தான் கொன்றேன் என்று உலகத்துக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியுமே என்று மனசு அறுத்தது.

எலிசியோ பிழைத்துக்கொண்டார். மறுநாள் கண் விழித்ததும் தம்பியைப் பார்த்து உலர்ந்த உதட்டால் முதலில் கேட்டது இதைத்தான்:

"பாஸாயிட்டியாடா?"

எவரார்தோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "ஏன் அண்ணே, கதவைத் தட்டியிருக்கலாமே! அன்னிக்குப் பட்டை போடும்போதே, இந்தக் காத்துதான் எனக்கு உசுருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ அவ்வளவு குஷியா இருந்தே. எப்படிடா கெடுக்கறது?" எலிசியோ மூச்சு வாங்கினார். "ஆனா ஒண்ணு. நல்ல கதவுதான், குறை சொல்ல மாட்டேன். காத்துதான் வரல. நீ யாருமில்லைன்னு சொன்னது நல்லாவே உள்ள வந்துச்சு. யாருமில்லாதவன் எப்படிடா கதவைத் தட்டுவான்?"

எவரார்தோ முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, நடைப்பயிற்சி இயந்திரத்தைத் தெருவோரம் தள்ளினான். டெல்ஃபினா பொம்மைகளைப் பெட்டியில் கட்டினாள். வெள்ளிக்கிழமை எலிசியோ அந்த அறையில் வந்து படுத்தார். "பரவால்ல, பொம்மைங்க நல்லாத்தான் வாழ்ந்திருக்கு," என்று சுற்றுமுற்றும் பார்த்துச் சொன்னார். எவரார்தோவுக்குச் சுருக்கென்றது. வலிக்கட்டும் என்று நின்றான்.

"சனிக்கிழமைக் கூட்டத்தை வேணாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"வேணாம். வரட்டும். அந்தம்மாகிட்ட ஃபோன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். நம்ம வீட்டை மாதிரி வீடுன்னு அறிவிக்க வேணாம்னும் சொல்லிட்டேன். ஆனா தெருக்காரங்க வந்து பார்க்கட்டும்."

சனிக்கிழமை தெருவே வந்தது. லோர்னா பரணையும் பஞ்சையும் காட்டி விளக்கினாள். இந்த ஊர் வெயிலுக்கு இது எவ்வளவு அவசியம் என்றாள். எல்லோரும் குளிர்ச்சியில் நின்று தலையாட்டினார்கள். பிறகு எவரார்தோ அவர்களைச் சமையலறைக் கதவண்டை அழைத்துப் போனான். கதவடியில் பட்டை இருந்தது. வாசற்படியில் அந்தத் தலையணையை அவனே கொண்டுவந்து போட்டிருந்தான்.

"இங்க... எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தான். குரல் உள்ளே போய்விட்டது. பரணைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எல்லோரும் இப்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகளின் அறையிலிருந்து எலிசியோவின் குரல் வந்தது: "சத்தமாச் சொல்லுடா! இங்க கதவு தொறந்துதான் இருக்கு!"

எவரார்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் வீட்டை நல்லாத்தான் அடைச்சேன். நீங்களும் அடைங்க, தப்பில்ல. வெயிலு வராது, மண்ணு வராது, பில்லு குறையும். ஆனா அந்தம்மா வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டப்ப, நான் ஒரு ஆளைக் கணக்குலயே சேர்க்கல. எனக்குச் சோறு போட்டு வளர்த்த ஆளை. அந்தக் கதவுக்கு வெளிய விட்டு அடைச்சேன், அவரு செத்துப் பொழைச்சாரு. இடுக்கைத் தேடுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் உள்ள இருக்காங்களான்னு எண்ணிப் பாருங்க. சொந்த ரத்தத்தை வெளிய விட்டுட்டு உள்ள குளுகுளுன்னு உக்கார்ந்திருந்தா, அது வீடு இல்லைங்க. வெறும் ஐஸ் பெட்டி."