இரண்டு அடித்து நிற்கும் மணி

நாச்சியாவுக்குப் பயம் என்ற சாமானே கிடையாது என்று பட்டானிச்சூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை விரட்டினபோது உடுத்த உடுப்போடு முல்லைத்தீவை விட்டு வந்தவள். வவுனியாவில் ஆமிக்காரன் காவல் நிற்கிற சென்றிகளில் அவள் வாய் காட்டாத சென்றி இல்லை. அப்படிப்பட்ட மனுஷி, சண்டை முடிந்த அந்த வருஷம் ஆனி மாதம் தொடங்கி, காலை பத்து மணியானால் ஹோலில் இருந்த போனைப் பார்த்து நடுங்கினாள். நம்பக் கஷ்டம்தான், ஆனால் நடுங்கினாள்.

போன் இரண்டு தரம் அடிக்கும், நிற்கும். ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பவும் அடித்து, அடித்து, தானாக ஓயும். கிழமையில் மூன்று நாளாவது இந்தக் கூத்து. மதிலுக்கு அங்கால், மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற கனகலிங்கம் மாஸ்டர் வீட்டுக்குள்ளும் அதே நேரம் இன்னொரு போன் அடிக்கும். 

அந்த இரண்டாவது போனுக்குப் பேயும் பிசாசும் காரணமில்லை. சமாதான காலத்தில் மாஸ்டர் வீட்டார் போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நாச்சியாவின் புருஷன் மஹ்றூப்புக்குத் தாராள மனசு. "எங்கட லைனில இருந்து ஒரு கம்பிய இழுங்கோ மாஸ்டர்" என்று சொல்லி மதிலுக்கு மேலால் இழுத்தும் கொடுத்துவிட்டார். ஒரு நம்பர், இரண்டு வீடு. மாஸ்டர் வீட்டுக்குப் பேசுகிறவர்கள் இரண்டு மணி அடிக்க விட்டுக் கட் பண்ணி, திரும்ப எடுக்க வேண்டும். அந்த மணிக்கு நாச்சியா வீட்டார் போனைத் தொடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

நாச்சியா ஒருநாள் தொட்டாள். மாஸ்டரின் மனைவி கமலாசனி கனடாவில் இருக்கும் தமையனோடு அழுது சண்டை போட்டதை முழுக்கக் கேட்டாள். கேட்டதோடு விட்டிருந்தால் நாச்சியா நாச்சியா இல்லையே. கதை ஒழுங்கையில் உள்ள வீடு முழுக்கப் போய்க் கமலாசனியின் காதுக்கே திரும்பி வந்தது. மூன்று மாதம் கமலாசனி முகம் பார்க்கவில்லை. கடைசியில் நாச்சியாவே மதிலடிக்குப் போய், "வல்லாஹி, ரெண்டு அடிச்சு நிண்டு வாற மணிய இனி நான் தொடன்" என்று சத்தியம் பண்ணினாள். அன்றைக்குப் பிறகு தொடவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில், சிறுபோக அறுவடைக்கென்று மாஸ்டரும் கமலாசனியும் மகள் தேனுகாவும் வன்னிக்குள் இருக்கிற உருத்திரபுரத்து வயலுக்குப் போனார்கள். ஆவணியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது, அவர்கள் அங்கேயே அகப்பட்டுப் போனார்கள். பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். சண்டை முடிந்து முகாமுக்கு வந்தவர்களின் பெயர்களை மஹ்றூப் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்துப் பார்த்தார். அந்த மூன்று பேரையும் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மணி அடிக்கத் தொடங்கியது. செத்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடி அடிக்கிறார்கள் என்று நாச்சியா முடிவு கட்டிவிட்டாள். ஒருமுறை மகள் றுக்ஷானா எடுக்கப் போக, கையில் பட்டென்று ஒரு அடி. "வன்னி ஆக்களின்ர கோல் எண்டு தெரிஞ்சா ஆமிக்காரங்கள் வாப்பாவை எல்லோ கொண்டுபோய் விசாரிப்பாங்கள்" என்று சத்தம் போட்டாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அதில்லை. எடுத்தால் மறுபக்கம் ஒன்றுமே இருக்காதோ என்ற பயம்தான் முக்கால்வாசி.

இந்த நிலைமையில்தான் அதே போன் லைனில் வீட்டுக்கு இன்ரநெற் வந்தது. றுக்ஷானாவின் புருஷன் ஜவ்பருக்குக் கட்டாரில் வேலை. பிள்ளை பிறந்து ஐம்பது நாள், தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. கொம்பியூட்டரில் காட்டலாம் என்று ஆசையாக எடுத்தால், சனியன், படம் அசைய மாட்டேன் என்றது. ஜவ்பருக்குப் பிள்ளையின் ஒரு காது மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். போன் மணி அடித்தால் அதுவும் அறுந்துவிடும்.

முறைப்பாடு கொடுத்துப் பத்தாம் நாள் சின்னராசா வந்தான். லைன் திருத்துகிற வேலையில் இருபது வருஷம் ஊறினவன். வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து, வீட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோடத்தை நேரே அங்கேயே கொழுவிப் பார்த்தான்.

"வெளி லைன் சோக்கா இருக்கு அக்கா. வருத்தம் உங்கட வீட்டுக்குள்ளதான்" என்றான்.

போன் சத்தம் இன்ரநெற்றைக் குழப்பாமல் ஹோல் போனுக்கு ஒரு சின்ன வெள்ளை ஃபில்டர் போட்டான். அறைக்குள் இருந்த இன்னொரு போனுக்கும் ஒன்று. வேகம் கொஞ்சம்தான் கூடியது. நாடியைச் சொறிந்துகொண்டு சுவரோரமாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டே போனவன், அலுமாரிக்குப் பின்னால் நின்றுவிட்டான்.

"இதென்ன மூண்டாவது கம்பி? இது எங்க போகுது?"

 சின்னராசா கம்பியைப் பிடித்துக்கொண்டே வெளியில் வந்து, மதிலேறி அந்தப் பக்கம் குதித்தான். திரும்பி வரும்போது தலை முழுக்கச் சிலந்திவலை.

"அங்க ஆரும் இருக்கினமோ தம்பி?" நாச்சியா மெல்லக் கேட்டாள்.

"ஆரக்கா இருக்கிறது? பூட்டு இறுகிப் போய்க் கிடக்கு. உடைஞ்ச யன்னலுக்கால பாத்தனான், ஒரு பல்லிகூட இல்லை. ஸ்டூலில ஒரு பழைய போன் இருக்கு, ஒரு விரல் மொத்தத்துக்குத் தூசி. மாமரத்தடியில கம்பி பொருத்தின இடம் பாசி பிடிச்சுப் பச்சையாக் கிடக்கு. உங்கட இன்ரநெற்றை அதுதான் குடிக்குது. வெட்டிவிட்டாச் சரி."

"வெட்டாதேங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் றுக்ஷானா பிள்ளையோடு ஓடி வந்தாள். வேறு வழியில்லாமல் நாச்சியா மணிக் கதையைச் சொன்னாள். சின்னராசா சிரிக்கவில்லை, அது அவனுடைய நல்ல குணம்.

"ஈரக் கம்பி ஒண்டோட ஒண்டு முட்டினாலும் மணி சிணுங்கும் அக்கா, நான் கண்டிருக்கிறன். வெட்டிப் பாப்பம். பிறகும் அப்பிடியே அடிச்சா, அது கம்பி இல்லை. ஆரோ ஆள்தான் எடுக்கினம்."

நாச்சியா கதிரையில் இருந்துவிட்டாள். கம்பி என்றால் கமலாசனி இல்லை, மண்ணோடு போய்விட்டாள். ஆள் என்றால் கமலாசனி உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருந்துகொண்டு மூன்று மாதமாகக் கூப்பிட்டிருக்கிறாள், நாச்சியா கல்லு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எதை வேண்டுமென்று கேட்பது? யா அல்லாஹ், எப்படிப் பார்த்தாலும் நெஞ்சு எரிந்தது.

"வெட்டுங்கோ தம்பி" என்றாள் கடைசியில்.

வெட்டினான். அன்று பின்னேரமே ஜவ்பர் பிள்ளையின் கண் இமை மயிரைக்கூட எண்ணினார். கட்டாரில் இருந்து அழுதார், சிரித்தார், திரும்ப அழுதார். வீடே கல்யாண வீடு போல் இருந்தது. நாச்சியா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. "பாத்தியா, கம்பிதான்" என்று மஹ்றூப் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனார். நாச்சியா குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி அழுதாள். கமலாசனிக்காக அவள் அழுத முதல் அழுகை அதுதான்.

மூன்றாம் நாள் பத்தேகாலுக்குப் போன் இரண்டு தரம் அடித்து நின்றது.

மதிலுக்கு அங்கால் சத்தம் இல்லை. இந்த வீட்டில் மட்டும்தான் அடித்தது. நாச்சியா ஈரக் கையோடு ஓடி வந்தாள். திரும்ப அடித்தது. சத்தியமாவது மண்ணாவது என்று எடுத்துக் காதில் வைத்தாள்.

"தேனு!" மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் உடைந்தது. "தேனு, நீயே பிள்ளை? வந்திட்டியே? என்ர தெய்வமே, சாப்பிட்டியே? பயப்பிடாதை ராசாத்தி, அம்மாதான்..."

 அந்த மனுஷி பேசப் பேச, நாச்சியாவுக்குக் குறுக்கே போகவும் மனம் வரவில்லை, பேச விடவும் முடியவில்லை.

"கமலாசனி, நான்... நான் நாச்சியா."

 தூரத்தில் வாளிகள் முட்டுகிற சத்தமும் சனத்தின் இரைச்சலும் மட்டும் வந்தன.

"நாச்சியா அக்காவோ," என்றது குரல். இப்போது அதில் உயிரே இல்லை. "நீங்கள் எடுக்கமாட்டியள் எண்டுதான் ரெண்டு அடிச்சு விட்டனான்."

"எங்கடி இருக்கிறாய்? மாஸ்டர்?"

"முகாமில அக்கா. அவர் மாத்தளன் சண்டையில செத்துப் போயிட்டார். தேனுவைச் சனத்துக்க கைநழுவ விட்டிட்டன். வீட்டுப் பூட்டின்ர திறப்பு ஒண்டு அவளிட்ட இருக்கு. எப்பிடியும் வீட்டதான் வருவாள். வந்தாலும் வெளிச்சம் போடாமல் ஒளிச்சுத்தான் இருப்பாள், பயந்தவள். தண்ணி பவுசர் வரேக்க எல்லாரும் லைனில நிப்பினம், அப்பதான் ஒருத்தி ஒளிச்சு வச்சிருக்கிற போனைத் தருவாள். மணி கேட்டா என்ர பிள்ளைக்குத் தெரியும், அம்மா உயிரோட இருக்கிறன் எண்டு."

"நான் நாளைக்கே வாறன் கமலாசனி. முகாம் முள்ளுக்கம்பி வேலிக்கு வெளியில நிண்டெண்டாலும் பாக்கிறன்."

"அதை விடுங்கோ அக்கா. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. எங்கட வீட்டுக்குள்ளயும் அடிக்குதுதானே? உங்களுக்குக் கேக்குதோ?"

அறைக்குள் ஜவ்பர் கொம்பியூட்டரில் மகனைக் கொஞ்சுகிற சத்தம் பக்கத்தில் நின்று பேசுகிறமாதிரித் தெளிவாகக் கேட்டது.

"ஓம்," என்றாள் நாச்சியா. "அடிக்குது. இஞ்சவரைக்கும் கேக்குது."

"அப்ப இனி எடுக்காதேங்கோ அக்கா. அவள் எடுக்கட்டும்."

"எடுக்கமாட்டன்."

யாரோ வருகிறார்கள் போல, போன் சட்டென்று அறுந்தது. நாச்சியா அதை வைத்துவிட்டு நேரே மகளின் அறைக்குப் போனாள்.

"சின்னராசாத் தம்பிக்குப் போன் போடு. அந்தக் கம்பிய இண்டைக்கே திருப்பிப் பொருத்தச் சொல்லு."

"உம்மா! படம் திரும்ப நிக்குமே. பிள்ளையை இப்பதான் அவர் ஆசை தீரப் பாக்கிறார்."

"நிக்கட்டும்."

"ஆளில்லாத வீட்டில போன் அடிச்சு என்ன உம்மா செய்யிறது? பல்லிகூட இல்லை எண்டு அந்தாள் சொன்னதுதானே?"

"ஓமடி, சொன்னது," என்றாள் நாச்சியா. "ஆனா அடிக்குது எண்டு நான் அவளுக்குச் சொல்லிப்போட்டன்."