கொதிக்க வைக்காத கொட்டைகள்

ஓக் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கி வந்த அன்றே வெந்நீரில் கொதிக்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வண்டுப் புழுக்கள் துளை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். ஜப்பானின் நாகானோவில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் இதைச் செய்வோம். நானும் செய்தேன். என் வகுப்புச் சிறுமி காஹோ மட்டும் தன் கொட்டைகளைப் பானைக்குத் தராமல் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டது எனக்குத் தெரியாது.

இலையுதிர் கால விழாவன்று காலையில்தான் தெரிந்தது. மலையடிவாரத்தில் பொறுக்கியவற்றைக் கொண்டு குழந்தைகள் பம்பரமும் கிலுகிலுப்பையும் செய்து, பக்கத்து மழலையர் பள்ளிச் சின்னவர்களை விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறவர்களில் காஹோவின் தம்பி தைச்சியும் உண்டு. அவனுக்காகவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொட்டைகளைப் போட்டு, மேலே சிவப்பு இலைகளை ஒட்டிக் கிலுகிலுப்பை செய்திருந்தாள்.

"டீச்சர், காஹோ பாட்டில்ல சோறு கெடக்கு!" என்று கத்தினான் ரென்தோ. பிறகு கிட்டே போய் மூக்கைச் சுளித்தான். "ஐயே, சோறு நெளியுது!"

குண்டு குண்டாக வெள்ளைப் புழுக்கள். அடியில் மாவுபோலத் தூள்.

"பானையில போடச் சொன்னேனே காஹோ?"

"அதுங்களுக்குச் சுடும்ல டீச்சர். நாமதானே அதுங்கள இங்க கூட்டிட்டு வந்தோம்."

"புழுக்காரி!" என்றான் ரென்தோ.

"தம்பிகிட்ட கிலுகிலுப்பை தர்றேன்னு தினமும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப வந்து கேப்பான்," என்றவள், மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ரென்தோ தன் இடத்துக்குப் போய்த் தன் கிலுகிலுப்பையை எடுத்து வந்தான். அதன் மூடியைத் திருகினான்.

"இந்தா, எடுத்துக்கோ. என்னுது ரொம்ப சத்தம் போடுது. எங்கம்மா திட்டுவாங்க."

அடுத்து ஒருத்தி வந்தாள். அப்புறம் கொட்டைகளோடு வரிசையே நின்றது. நீளமானவை, உருண்டையானவை, தொப்பி கழன்றவை. நான் ஓடிப்போய் ஒரு காலி பாட்டில் கொண்டு வந்தேன். மூடியை இறுக்குவதற்கும் வாசலில் சின்னவர்களின் மஞ்சள் தொப்பிகள் தெரிவதற்கும் சரியாக இருந்தது.

தைச்சி நேராக அக்காவிடம் வந்தான். புதுக் கிலுகிலுப்பையை வாங்கி ஒரு முறை ஆட்டினான். அதற்குள் அவன் பார்வை மேசையில் இருந்த புழுப் பாட்டிலுக்குப் போய்விட்டது.

"அக்கா, அது என்ன?"

"அதப் பாக்காத. புழு."

"உயிரோடயா? எனக்கு அதான் வேணும்!"

"டேய், இதுலதான்டா சத்தம் வரும்!"

"அதுலதான் மூஞ்சி இருக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னவர்கள் அத்தனை பேரும் பம்பரங்களை விட்டுவிட்டு அந்தப் பாட்டிலைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் புழுக்களை மண்ணில் விடவேண்டும் என்று காஹோ கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். தைச்சி அந்தப் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனான்.

விழா முடிந்து வகுப்பைக் கூட்டிப் பெருக்கும்போது ரென்தோ காஹோவிடம் வந்தான்.

"உன் தம்பி எடுத்துக்கலல்ல? என் கொட்டைய குடு."

காஹோ கிலுகிலுப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"மாட்டேன். இது நீங்கல்லாம் எனக்குக் குடுத்தது."

பிறகு கையை முன்னால் கொண்டுவந்து, பெரியவர்களைப்போல இடுப்புவரை குனிந்தாள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி." குனிந்தபோது பாட்டில் கலகலவென்று ஒலித்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் ரென்தோவும் துடைப்பத்தோடு குனிந்தான். நானும் குனிந்தேன்.