இடது பக்கம் மங்கல்

ஆரின் டைக்ஸ்ட்ராவுக்கு நன்றி சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். என் இடது காது இன்று கேட்கிறதென்றால் அதற்கு அவன்தான் காரணம். இப்படி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பதினோரு வருடமாக அந்த மனிதனோடு நான் சண்டையைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை.

சண்டை எல்லாம் ஹெட்போனைப் பற்றித்தான். கிராண்ட் ராபிட்ஸில் வருடத்துக்கு நாலு சனிக்கிழமை, ஒரு சர்ச்சின் அடித்தள ஹாலில் நாங்கள் இருபது பேர் கூடுவோம். அவரவர் மடக்கு மேசையில் அவரவர் ஹெட்போன், அவரவர் ஆம்ப்ளிஃபயர். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய், மாட்டி, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவோம். மாடியில் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் எங்களிடம் வந்து அமைதியைக் கற்றுக்கொண்டு போகலாம். எங்களில் முக்கால்வாசிப் பேர் பிளேனர் பைத்தியங்கள். சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு சின்னக் கூம்பு துள்ளும். பிளேனரில், காந்தங்களுக்கு நடுவே முடியைவிட மெல்லிய படலம் ஒன்று முழுசாக அசையும். அதன் கனம் தலையை அழுத்தும், விலை குடும்பத்தை அழுத்தும்.

நான் வாங்கியது ஆரகனில் டெஸ் வேகனர் என்ற பெண் தன் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் செய்வது. ஏழு மாதம் காத்திருந்தேன். அதற்காக என் மீன்பிடிப் படகை விற்றேன்.

"தண்ணியில மிதக்கிறத வித்துட்டு தலையில மாட்டுறத வாங்குன ஒரே ஆளு இந்த மிச்சிகன்லயே நீதான்" என்றாள் என் மனைவி லோர்னா.

"ஒரு தடவை கேட்டுப் பாரு."

"கேட்டேன். படகு நல்லா இருந்துச்சு."

மூன்று வாரம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். என் பழைய பிளேனரையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே பாட்டை நாற்பது தடவை கேட்டு, நோட்டில் குறிப்பு எழுதினேன். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை புதியதை மாட்டியபோது இடது பக்கம் மங்கியிருந்தது. அந்தப் பக்கத்து வயலினுக்கு யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி. கேபிளை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். மங்கல் மட்டும் இடது பக்கத்திலேயே நின்றது. அப்படியானால் படலத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

பழைய ஹெட்போனையும் மாட்டிப் பார்த்தேன். அதிலும் இடது பக்கம் மங்கல். ஒரு சாதாரண மனிதன் அந்த நிமிடம் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நான் நினைத்தது இது: பாவம், பழையதற்கும் வயதாகிவிட்டது.

"சளி பிடிச்சிருக்கும், காதைக் காட்டு" என்றாள் லோர்னா.

"காதுல ஒண்ணுமில்ல. சாமான்ல கோளாறு."

"ரெண்டு சாமான்லயுமா?"

"நடக்கும்" என்றேன். முப்பது வருடமாகக் கவனித்துக் கேட்கிறவன் நான். வீடுகளுக்கு ஹீட்டர் பழுது பார்க்கப் போனால், மாடிப்படியில் நின்றே எந்த விசிறி தேய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடுவேன். என் காதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

டெஸ் வேகனருக்குக் காரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேட்டு அவர் பதில் போட்டார். அது என்னை அவமானப்படுத்துவதாக நினைத்தேன். அந்தக் காதுப் பஞ்சு பின்பக்கம் தடித்து, முன்பக்கம் மெலிந்து இருக்கும். திருப்பி மாட்டினால் ஒலியே கெட்டுவிடும், அது கூடத் தெரியாதா செய்தவருக்கு என்று திட்டிக்கொண்டே, வரும் சனிக்கிழமை கூட்டத்தில் அவருடைய மானத்தை வாங்குவது என்று தீர்மானித்தேன்.

மேசையில் ஒரு அட்டை வைத்தேன்: 'இடது பக்கம் பழுது. நீங்களே கேளுங்கள்.' மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

"ஆமாமா, லேசாத் தெரியுது."

"லேசா என்ன, நல்லாவே தெரியுது."

எங்கள் ஊரில் ஒருவன் மேசைக்குப் போய் அவன் சொல்வதை மறுப்பது, விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வது போல. யாரும் செய்ய மாட்டார்கள். ஆரின் செய்வான்.

தபால்காரனாக முப்பது வருடம் நடந்த கால்களை நீட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்து அவன் ஹெட்போனை மாட்டினான். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். பிறகு கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு, அதே பாட்டை மறுபடியும் கேட்டான்.

"யோவ், மாத்திப் போட்டிருக்க" என்றேன், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி.

"தெரியும்." கண்ணைத் திறக்கவே இல்லை. முடித்துவிட்டு என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான்: "மஸூரெக், ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான்யா இருக்கு."

"உனக்குக் காது போச்சு."

"சரி. இப்ப நீ உக்காரு. திருப்பி மாட்டு."

"பஞ்சு சரியா உக்காராது, ஒலி கெட்டுப்..."

"கெடட்டும். மாட்டு."

மாட்டினேன். பாட்டு ஓடியது.

"எந்தப் பக்கம் மங்கல்?"

"இடது" என்றேன், ஜெயித்துவிட்ட பெருமையில். சொல்லி முடிக்கும் முன்பே என் கை காதுக்குப் போய்விட்டது. அங்கே இருந்தது ஹெட்போனின் வலது பக்கம். பழுதில்லாத பக்கம்.

ஆரின் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழமை."

விரலை மடக்கி எண்ணினான். "ஆறு நாளு. கோட்ட எடு."

"இன்னும் மத்தியானச் சாப்பாடே ஆகல, எல்லாருமாச் சாப்பிட நான் கொண்டுவந்த பியரோகிக் கொழுக்கட்டை..."

"கோட்ட எடுய்யா!"

அவனுடைய பிக்கப் வண்டியில் ஏறினோம். ரோட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"ஆறு வருஷம் முன்னால ஒரு காலைல என் வலது காது போச்சு. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? ஆம்ப்ளிஃபயர்ல எரியற கண்ணாடி டியூப் போச்சுன்னு. டியூப் மாத்துனேன். அப்புறம் வேற கம்பெனி டியூப். அப்புறம் ருஷ்யாலேர்ந்து வரவழைச்ச டியூப். ரெண்டு மாசம் மாத்துனேன். டாக்டர்கிட்ட போனப்ப, முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்னாரு."

"வலது காது சுத்தமாவா?"

"சுத்தமா. அதான் எதை வாங்குனாலும் ஒரு பக்கத்தைக் கேட்டுட்டு, திருப்பி மாட்டி மறுபக்கத்தையும் இதே காதுல கேப்பேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு சொல்ல என்னை விட்டா ஆள் இல்ல."

"ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"ஒத்தக் காதுக்காரன் எழுதுற ரிவ்யூவ எவன் படிப்பான்? நீ படிப்பியா?"

எந்த வாத்தியம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரிய இரண்டு காதும் வேண்டும். வாத்தியக்காரர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவன் சில வருடங்களாக எழுதுவதே இல்லையே என்று எங்கள் இணையதளத்தில் நான் எத்தனை தடவை நக்கலடித்திருக்கிறேன். ரசனை கெட்டவன் என்றே ஒருமுறை எழுதினேன். அதற்கும் 'இருக்கலாம்' என்று ஒரு வார்த்தை பதில் போட்டுவிட்டு நகர்ந்தவன் இவன்.

கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். ஒலி வலது பக்கமாகச் சாய்ந்தது; அப்படியானால் இது சளியில்லை, இடது உள்காதில் கோளாறு என்றார். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தது. திங்கட்கிழமை காது நிபுணர் செவிப்பறை வழியாக ஊசி போட்டார். சிலருக்கு முழுக்கத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லவே இல்லை என்றார். சீக்கிரம் வந்தது நல்லது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது. நான் ஹெட்போன் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஊசிக்குப் போகும்போது லோர்னா கார் ஓட்டினாள்; இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அதாவது அவள் என் இடது பக்கத்தில் இருந்தாள். படகை விற்றதிலிருந்து ஆரம்பித்து, டாக்டரிடம் போகச் சொன்னபோது போகாதது வரைக்கும் ஒரு பாட்டம் திட்டினாள். நாலு மைல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது.

"நிறுத்தாத, இன்னும் திட்டு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காரை ஓரங்கட்டினாள். இரண்டு பேரும் ஒரு டயர்க் கடை வாசலில் உட்கார்ந்து அழுதோம். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் போனது போனதுதான். மற்றதெல்லாம் திரும்பி வந்தது. அன்று மாலையே டெஸ் வேகனருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். உங்கள் காது நன்றாக இருந்தால் அதுவே போதும் என்று பதில் போட்டார், என் தகுதிக்கு மீறிய பெரிய மனதோடு.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஆரின் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு, ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு கேபிள் இழுத்தோம். டெஸ்ஸின் ஹெட்போனை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை நான் போட்டுக்கொண்டேன். அவன் தன் கேபிளில் ஒரு சின்ன இணைப்பைச் செருகினான். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து அவனுடைய ஒரே காதுக்குக் கொடுப்பது அது. நாலு பேர் வாசிக்கும் ஒரு தந்தி வாத்தியக் கச்சேரியை ஓடவிட்டேன்.

பாதியில் அவன் என் முழங்கையைத் தட்டினான். இருவரும் ஒரு காதை விலக்கிக்கொண்டோம்.

"மஸூரெக், இவங்க நாலு பேரும் எங்கெங்க உக்காந்திருக்காங்க?"

"என்ன கேக்குற?"

"எனக்கு ஆறு வருஷமா நாலு பேரும் ஒரே நாற்காலில உக்காந்திருக்காங்கய்யா."

கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டேன். பிறகு மேசையில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்தேன். உப்புக் குப்பியை இடது ஓரத்தில் வைத்தேன். "இது முதல் வயலின். வாசிக்கும்போது முன்னால சாயறாங்க." மிளகுக் குப்பியை அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி வைத்தேன். "ரெண்டாவது வயலின்." கடுகுப் பாட்டில், நடுவிலிருந்து வலப்பக்கம், வயோலா. கெட்சப் பாட்டில் செல்லோ.

"செல்லோ வலது ஓரமா?"

"ஓரம். இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளு. அங்கதான்."

ஆரின் கெட்சப் பாட்டிலை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"முதல்லேர்ந்து போடு."

போட்டேன். அவன் மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது ஓரத்து வயலின் மெதுவாக எழுந்தது. நான் கையை நீட்டி, அவனுக்காக உப்புக் குப்பியைத் தொட்டுக் காட்டினேன்.