வியாழக்கிழமை மூன்று மணி

சிறுதொழில்காரர்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் அந்த வெளிநாட்டு நகரத்தில் போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை மதியம். ஏற்றுமதி வளர்ச்சி அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். பக்கத்து மாவட்டத்தைத் தாண்டி விற்றறியாதவர்களை அயல்நாட்டுக்கு அழைத்துப் போய், வாங்கக்கூடியவர்கள் முன்னால் உட்கார வைப்பதுதான் வேலை. யார் யாரை, எந்த மேசையில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று இரண்டு மாதம் முன்பே எழுதிப் போட்டு உறுதி செய்துவிடுவாள். கல்யாணத் தரகு மாதிரிதான், ஜாதகம் மட்டும் கிடையாது என்று அவளே சொல்வாள்.

"மேடம் போட்ட அட்டவணையில எமனே வந்தாலும் அரை மணி நேரந்தான்," என்றார் பூட்டுக் கம்பெனிக்காரர், பஸ்ஸில். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்த நகரத்தில்தான் அவளுடைய ஒரே மகள் இருந்தாள். கல்யாணமாகி வந்து ஆறு வருடம். குழுவில் யாருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை.

கணவர் போய்ச் சேர்ந்தபோது மகள் ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். மூன்று வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்கு டிக்கெட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கடைசி வாரம், வேறொரு நாட்டுக்குக் குழுவோடு போகவிருந்த அதிகாரி படுத்துவிட்டார். இயக்குநர் கூப்பிட்டார். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க," என்றார். அவள் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாள். குழந்தை எட்டு நாள் முந்திப் பிறந்துவிட்டது.

போனில் அந்தப் பழமொழியை விளையாட்டாக மகளிடம் சொன்னாள். "ஆமாம்மா, நான் தானாதான் வளர்ந்தேன்," என்றாள் மகள். "அத்தை வந்துட்டாங்க. நீ அலையாத." அதன் பிறகு பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, எப்போதாவது குழந்தையின் போட்டோ. அவ்வளவுதான்.

இந்த முறை கிளம்பும் முன்பே செய்தி அனுப்பியிருந்தாள். "பாக்கலாம்மா. சொல்றேன்," என்று பதில் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓட்டல் அரங்கில் சந்திப்புகள் தொடங்கின. பதினொரு மேசை, ஒவ்வொன்றிலும் எதிரெதிரே நாற்காலி. பேச்சு சூடுபிடித்த பிறகு அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. கதவோரம் நின்று, யாராவது தலை தூக்கித் தேடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் தேடவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது மேசையில் மட்டும் எதிர் நாற்காலி காலி. பழம் கழுவும் இயந்திரங்களுக்கு உருளை பிரஷ் செய்கிறவர் அங்கே தன் மூன்று மாதிரிகளையும் துணி விரித்து அடுக்கிவிட்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"வரலன்னா பரவால்ல மேடம். நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

அவள் வெளியே போய் வாங்குபவருக்குப் போன் போட்டாள். அவருடைய கிடங்கில் ஏதோ இயந்திரம் மக்கர் செய்கிறதாம். நகர முடியாது, வியாழன் மூன்று மணிக்குக் கிடங்குக்கே வந்தால் பார்க்கலாம். ரயிலில் ஒரு மணி நேரம். பிரஷ்காரருக்கு அந்த நாட்டு மொழியில் நன்றி சொல்லத்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் அந்த நேரத்தில் மற்றவர்களோடு.

"நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

புதன் மாலை லிஃப்டில் நிற்கும்போது மகளின் செய்தி வந்தது. "நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு வரியா? நாலு மணிக்கு நாங்க வெளிய கெளம்பணும். வேற நேரம் இல்லம்மா."

தன் மாடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். "வெள்ளிக்கிழமை முடியுமா" என்று எழுதினாள், அழித்தாள். வெள்ளிக்கிழமை காலை விமானம். அறையில் வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது பிரஷ்காரர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "என் பொண்ணு இந்த ஊர்லதான் இருக்கா," என்றாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தன நாளா சொல்லவே இல்லையே மேடம். இன்னைக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்களா?"

"மூணு மணிக்கு."

"அப்ப போயிட்டு வாங்க."

"உங்களுக்குப் பாஷை..."

"பாஷை தெரிஞ்சவன் மட்டுமா ஊர்ல பொழைக்கிறான்? எந்த ரயிலு, எங்க எறங்கணும், அத மட்டும் பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். கிடங்குக்கும் போன் செய்து விவரம் சொன்னாள். அப்படியும் மகள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனம் அந்த இன்னொரு ரயிலிலேயே இருந்தது.

நாலாவது மாடி. கதவைத் திறந்த மகள் வெளியே கிளம்பும் உடையில் இருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள். "நீ வரமாட்டன்னு நெனச்சேன். ஏதாவது மீட்டிங் வந்துடும்னு... அதான் ஒண்ணும் செஞ்சு வைக்கல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

பேத்தி ஒரு காலில் மட்டும் ஷூவோடு எட்டிப் பார்த்தாள். "யாரும்மா?"

"என்னோட அம்மா."

குழந்தை அண்ணாந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "உனக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டது.

மகள் டீ போடப் போனாள். அவளும் பின்னால் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் வாரத்துக்கான அட்டவணை ஒட்டியிருந்தது: ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, அரை அரை மணிக் கட்டங்கள், குழந்தையை யார் விடுவது, யார் கூட்டி வருவது. வியாழன் மூன்று மணிக் கட்டத்தில் பென்சிலால் "அம்மா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைக்குக் காது வலி வந்து போனது, மருமகனுக்கு வேலை மாறியது, வாடகை ஏறியது என்று மகள் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். பிரசவத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. இன்னொரு ஷூவை அவள்தான் பேத்திக்குப் போட்டுவிட்டாள். குழந்தை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது, தெரிந்தவர்களிடம் உட்காருவது போலவே.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் பிரிந்தார்கள். "ஒரு தடவ ஆபீஸ் வேலையா இல்லாம வாயேம்மா," என்றாள் மகள். அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது.

ஓட்டலுக்குத் திரும்பியபோது வரவேற்புக் கூடத்தில் பிரஷ்காரரைச் சுற்றி ஒரே கூட்டம். அவருக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லையாம். கிடங்கில் ஒரு குறடு வாங்கி, அவர்களுடைய பழைய பிரஷ்ஷில் ஒரு கற்றை நாரைப் பிடித்து இழுத்திருக்கிறார், கையோடு வந்துவிட்டது. பிறகு வாங்குபவர் கையில் அந்தக் குறட்டைக் கொடுத்துத் தன் பிரஷ்ஷை நீட்டியிருக்கிறார். அந்த மனிதர் காலை ஊன்றி இழுத்தும் வரவில்லை. இருநூறு உருளைக்கு ஆர்டர்.

"நீங்க இல்லாம திண்டாடிப் போயிட்டேன் மேடம்," என்றார். முகத்தில் திண்டாட்டத்தின் சுவடே இல்லை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று புரிந்தது. அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத் தான் கிடங்குக்குப் போகாமல் இருந்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும், அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன்பும் கெட்டிருக்காதோ என்பதும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"பொண்ணப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன். நல்லா இருக்கா."

அறைக்குப் போய் விடுப்பு விண்ணப்பம் எழுதினாள். இரண்டு வாரம். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று போட்டாள். இருபத்தாறு வருடத்தில் அதை எழுதியதாக நினைவில்லை. இயக்குநருக்கு அனுப்பிவிட்டு மகளுக்கும் ஒரு வரி அனுப்பினாள்: "அடுத்த மாசம் லீவு போட்டிருக்கேன். வரேன்."

பதில் மறுநாள், விமானத்தில் ஏறும் வரிசையில் நிற்கும்போது வந்தது.

"டிக்கெட் போட்டப்புறம் சொல்லும்மா."

நியாயம்தான் என்று நினைத்தாள். முன்னால் பதினொரு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் வரிசையை விட்டு விலகி ஓரமாக நின்று, போனில் டிக்கெட் தேதிகளைப் பார்க்கத் தொடங்கினாள்.