நாலாயிரத்துக்கு மேலே

சரியாக நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஞாயிறு காலை ஒன்பது மணிப் பூசைக்கு முன்னால் எங்கள் பங்குத் திருவிழாப் பாடல்களின் சிடி கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பாடகர் குழுவை நடத்தும் ஆரோக்கியம் அக்கா எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முதல் பாட்டைக் கேட்டார். பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

"சவரி அண்ணே, பிள்ளைக பாடுதுகளா, ஊசிய வச்சுக் குத்துதுகளா? 'ச' வர்ற எடமெல்லாம் பல்லு கூசுது."

"அதுதான் க்ளாரிட்டி. டேப்புல கேட்டுப் பழகிட்ட நீ," என்றார் அப்பா.

"என்னமோ போங்க. நாளைக்குச் சாயங்காலம் வாரேன். இப்படியே இருந்தா டவுன் ஸ்டுடியோவுல குடுத்துருவோம். கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா சிரித்தார். அக்கா படியிறங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

அப்பா இருபத்தாறு வருடம் மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். மில் மூடியபோது கிடைத்த பணத்தில் கம்ப்யூட்டரும் மைக்குகளும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினார். கோவில் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கியபின் தெருவில் அவருக்கு 'சவுண்டு சவரி' என்று பெயர். கேலியாக வைத்ததுதான். அவருக்குப் பிடித்திருந்தது. இந்த சிடி கைவிட்டுப் போனால் அந்தப் பெயரும் போய்விடும்.

நான் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. "வாயத் தொறந்து பேசுடி ஆஷ்லின்" என்று அம்மா தினமும் சொல்வார். அப்பா மட்டும் ஒருமுறைகூட 'என்ன?' என்று கேட்டதில்லை. நான் வாயெடுத்ததும் பேப்பரைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்ப்பார். ஹாலின் மறுகோடியில் இருந்தாலும் பதில் வந்துவிடும். எங்கள் வீட்டிலேயே கூர்மையான காது அவருடையது என்று நம்பியிருந்தேன்.

முதலில் ஹாலைத்தான் சந்தேகப்பட்டேன். வெற்றுச் சுவர், சிமெண்டுத் தரை, கண்ணாடி அலமாரி. எதிர்ச்சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். ஸ்பீக்கர்களைச் சற்று உள்பக்கம் திருப்பினேன். குத்தல் கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

பிறகு திரையில், கீழ்ச்சுருதி மேல்சுருதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைத் திறந்தேன். நாலாயிரம் ஹெர்ட்சுக்கு மேலே இருந்த பட்டைகள் எல்லாம் உச்சியில் நின்றன. இறக்கினேன். பாட்டு படிந்தது. டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி உச்சியில்.

"பஞ்ச வச்சு அடச்ச மாதிரி இருந்துச்சு பாப்பா. கொஞ்சம் ஏத்திவிட்டேன்," என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை மறுபடி இறக்கினேன். மறுபடி ஏற்றினார்.

மதியம் ஒரு சோதனை வைத்தேன். எந்த இடத்தில் குத்துகிறது என்று பார்ப்போம், ஒவ்வொரு சுருதியாகப் போடுகிறேன், கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றேன். அப்பா நாற்காலியை ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஆயிரம். கை உயர்ந்தது. இரண்டாயிரம். உயர்ந்தது. மூவாயிரத்துக்குத் தயங்கி உயர்ந்தது.

நாலாயிரம். கை மடியிலேயே இருந்தது. ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். எனக்குப் பின்மண்டை வலித்தது.

அடுத்த வீட்டு முத்துத்தாய் அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்து கத்தினார். "ஏ ஆஷ்லின்! என்னடி அது, கீய்ய்ங்குது? எங்க நாயி கட்டிலுக்கடியில போயிருச்சுடி!"

அப்பா முழங்காலில் விரலால் தாளம் போட்டபடி காத்திருந்தார்.

"ம், போடு பாப்பா," என்றார்.

என் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. அதே ஹால், அதே காற்று. அந்த ஒலி நொடிக்கு நாலாயிரம் முறை அவர் செவிப்பறையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரோ நிசப்தத்தில் உட்கார்ந்திருந்தார். இரைச்சலில் வேலை செய்தவர்களின் செவித்திறன் நாலாயிரத்தருகே பள்ளமாக இறங்கும் ஒரு வரைபடம் எங்கள் பாடத்தில் உண்டு. தேர்வில் அதை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தப் பள்ளம் பனியன் போட்ட முதுகோடு என் முன்னால் இருந்தது.

சுருதியை நிறுத்தினேன்.

"அப்பா," என்றேன்.

திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அசையவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் என் முணுமுணுப்பெல்லாம் எந்த வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது?

அவராகவே திரும்பி, "முடிஞ்சுச்சா? எங்க குத்துது?" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன்ப்பா," என்றேன், எப்போதும்போல மெல்ல. என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எதை என்று சொல்லாமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலையில் ஆரோக்கியம் அக்கா வந்தபோது பட்டைகள் உச்சியில்தான் இருந்தன. முதல் வரி ஓடியது. அக்கா உதட்டைக் கடித்தார். பையை எடுத்து மடியில் வைத்தார்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க…"

பிறர் முன்னால் நானாக எதையும் செய்து பழகாதவள். எழுந்துபோய் மவுசைப் பிடித்தேன். நாலாயிரத்திலிருந்து ஒவ்வொரு பட்டையாக இறக்கினேன்.

குத்தல் விலகியதும் அதன் பின்னால் மறைந்திருந்தவை வந்தன. ஆர்மோனியத்தின் அடிச்சுரம் தரையில் ஊர்ந்தது. பதினாறு பிள்ளைகளும் தனித்தனிக் குரல்களாகப் பிரிந்து நின்றார்கள். பதிவு நடந்த கோவிலின் கூரை உயரம்கூடக் கேட்டது. எங்கள் சின்ன ஹாலுக்குள் அவ்வளவு பெரிய இடம் எப்படி வந்தது என்று சுவர்களைப் பார்த்தேன்.

அக்கா பையைக் கீழே வைத்தார்.

"ஆத்தி! இதத்தானண்ணே கேட்டேன். இம்புட்டு நாளு எங்க வச்சிருந்தீங்க? உங்க காது காதுதான்."

அப்பா அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் திரையில் இறங்கி நின்ற பட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னை.

"என் காது இல்ல ஆரோக்கியம், இவ காது. எனக்கு மேல் சத்தம் போயி ரொம்ப வருசமாச்சு, ஒத்துக்கத்தான் மனசு வரல. மெஷின் ஓடையில பேச்சு யாருக்குக் கேக்கும்? வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். வீட்டுலயும் அப்படியே பழகிட்டேன். சின்னப் பிள்ளையில இருந்து இவ பேசுனதெல்லாம் நான் பாத்ததுதான். ஒண்ணுகூடக் கேட்டதில்ல."