நட்சத்திரக் குறி போட்ட ஏழாம் கேள்வி

அலுவலகத்தில் அவளைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக ஆன்லைன் கருத்துக் கணிப்புப் படிவங்கள் தயாரிப்பதே அவள் பிழைப்பு. சோப்பு, செருப்பு, பள்ளிக்கூட வேன் என்று எதைக் கொடுத்தாலும் பத்தே கேள்வியில் ஆளின் வாயைப் பிடுங்கிவிடுவாள் என்று பெயர். எங்கே ஒரே ஒரு பதிலைத் தொடச் சொல்வது, எங்கே பலவற்றைத் தொட விடுவது, எதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்பது என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரி. பதில் என்ன வரும் என்று நமக்கே தெரியாத இடத்தில் பட்டியல் போடக் கூடாது. காலிப் பெட்டியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் மேலாளர் அவள் மேசைக்கு வந்து ஆஸ்பத்திரி வேலை ஒன்று வந்திருக்கிறது என்றார். நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். அதை மூடிவிட்டுத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன் நோயாளிகள் இருநூற்று ஆறு பேரிடமும் கருத்துக் கேட்க வேண்டும்.

கேள்விக்காரி கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். அவளுடைய அக்கா வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போவது அந்த மையத்துக்குத்தான்.

"சார், எங்க அக்கா அங்கதான் போறாங்க. நான் செய்யறது சரியா இருக்குமா?"

"இன்னும் நல்லதாப் போச்சு. விஷயம் தெரிஞ்சவங்க செஞ்சாத்தான் சுத்தமா வரும்," என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. எதையும் இரண்டாம் முறை யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அக்காவோடு அவளும் போய் உட்கார்ந்தாள். ஒரு கூடத்துக்குப் பன்னிரண்டு படுக்கை, அப்படி மூன்று கூடம். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் இரண்டு ஊசி; அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்க முடியாது. ஆக, மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால்தான் போனைப் பிடிக்கவும் வேண்டும், பதிலைத் தொடவும் வேண்டும். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். கட்டை விரல் எட்டுகிற இடத்தில் பெரிய பெரிய பொத்தான்களாக வைத்தாள். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்தே விட்டாள். மொத்தம் எட்டே கேள்வி. எப்படி வருகிறீர்கள் என்பதற்கு ஒற்றைத் தேர்வு. வீடு திரும்பும்போது என்னென்ன தொந்தரவு என்பதற்குப் பல தேர்வு. ஏழாவதுதான் முக்கியம். 'இந்த மையம் தலைமை ஆஸ்பத்திரிக்கு மாறினால் உங்களுக்கு என்ன ஆகும்? உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.' அதன் கீழே ஒரு காலிப் பெட்டி. ஒன்பது வருடத்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்து அவள் எதையும் செய்ததில்லை.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியின் திருத்தங்களோடு படிவம் திரும்பி வந்தது. ஏழாவது கேள்வியின் முகமே மாறிப்போயிருந்தது. 'தலைமை ஆஸ்பத்திரியில் அமையவிருக்கும் புதிய மையத்தில் உங்களை மிகவும் கவர்வது எது?' கீழே நான்கு பொத்தான்கள்: புதிய இயந்திரங்கள், கூடுதல் மருத்துவர்கள், வசதியான படுக்கை, குளிர்சாதன அறை. ஒன்றைத்தான் தொடலாம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதாவது, பதில் சொல்லாமல் தாண்ட முடியாது.

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"சார், இது கேள்வியே இல்ல. எதைத் தொட்டாலும் போகச் சம்மதம்னுதான் ஆகும்."

"அவங்க கேக்கறாங்க, நாம செய்யறோம். எதுக்கு நீங்க மல்லுக்கட்டறீங்க?"

"இதுல எதுவும் இல்லைன்னாவது ஒரு பொத்தான் வைக்கலாம் சார். ஒரே ஒரு பொத்தான்."

"நானும் சொல்லிப் பாத்தேன். அதை வச்சா எல்லாரும் அதைத்தான் தொடுவாங்களாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "சரி, முடிவுல ஒரு பெட்டி வச்சுக்கோங்க. 'வேறு கருத்து இருந்தால்' அப்படின்னு. நட்சத்திரம் மட்டும் போட்டுடாதீங்க," என்றார்.

கிடைத்தவரை லாபம் என்று அவள் இடத்துக்குத் திரும்பினாள். வேலையை உதறியிருக்கலாமே என்று பிறகு பல தடவை நினைத்தாள். அவள் உதறியிருந்தால் பக்கத்து மேசைக்காரர் செய்திருப்பார், பெட்டியும் இருந்திருக்காது. இந்தச் சமாதானம் அவளுக்குக் கொஞ்ச நாள் உதவியது.

லிங்க் போன அன்று அவள் அக்காவின் படுக்கையருகே இருந்தாள். போன் மினுங்கியதும் அக்கா இடது கையால் எடுத்துத் திறந்தாள். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள். படிவம் என்றால் ஒரு வரி விடாமல் படிப்பாள். ஆறு கேள்வி வரை சரசரவென்று போனவள் ஏழாவதில் நின்றாள்.

"இதுல எதுவும் வேண்டாம்னு எங்கடி அழுத்தறது?"

"அதுக்கு இடம் இல்லக்கா."

"தொடாம அடுத்த பக்கம் போகமாட்டேங்குதே." மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, எது விரலுக்குப் பக்கமோ அதைத் தொட்டாள். குளிர்சாதன அறை. கழுத்துவரை இரண்டு போர்வை போர்த்தியும் அவளுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மிஷின் ஓடும்போதெல்லாம் அப்படித்தான். "இதை எழுதினது யாரோ, டயாலிசிஸ்னா என்னன்னே தெரியாத ஆளு."

மறைத்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "நான்தான்கா."

அக்கா போனைப் போர்வை மேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். "உனக்கு என்ன கட்டாயமோ," என்று மட்டும் சொன்னாள். பிறகு போனை எடுத்து, கடைசிப் பெட்டியில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள். மிஷின் நிற்கிற வரை தட்டினாள்.

இருநூற்று ஆறில் இருநூறு பேர் பதில் சொன்னார்கள். அத்தனை பேரும் ஏழாவது கேள்வியில் ஏதோ ஒன்றைத் தொட்டிருந்தார்கள். தொடாமல் போக வழியில்லையே. பெட்டியில் எழுதியவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். ஒற்றைக் கையால் அத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். கேள்விக்காரி ஒன்று விடாமல் படித்தாள். பேர் போடாத படிவம்தான், ஆனாலும் அக்கா எழுதியது பார்த்ததும் தெரிந்தது. 'வெளியே வந்ததும் தலை சுற்றும். இங்கே என்றால் எதிர் வீட்டு அம்மா நடந்தே வந்து கூட்டிப் போவார்கள். அங்கே யாரும் வர மாட்டார்கள். எனக்கு ஏசி ஆகாது.' அவ்வளவுதான். இதற்கா அத்தனை நேரம் தட்டினாள் என்று இருந்தது.

அறிக்கை கொடுக்கும் கூட்டத்துக்கு அவளையும் அழைத்தார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: நூறு சதவீதம் பேர் புதிய வசதிகளை வரவேற்கிறார்கள். எழுதியதெல்லாம் பின்னிணைப்பாகக் கடைசியில் கிடந்தது. அவள் துணிந்து வாயைத் திறந்தாள்.

"சார், எழுதின நூத்து நாப்பத்தொரு பேர்ல நூத்துப் பதினெட்டு பேர் மாத்தாதீங்கன்னு எழுதியிருக்காங்க."

நிர்வாக அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "எழுதாதவங்க திருப்தியாத்தான் இருக்காங்கன்னு எடுத்துக்கலாம் இல்லையா?"

"அப்படி எடுத்துக்க முடியாது சார். எழுதறது கட்டாயம் இல்லைன்னு வச்சது..." என்று ஆரம்பித்தவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் குனிந்து தன் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எழுத்தா வந்ததை எண்ண முடியாதும்மா," என்றார் அதிகாரி. பக்கத்தைப் புரட்டினார்.

இரண்டே மாதத்தில் மையத்தை மூடிவிட்டார்கள்.

தலைமை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போக ஒன்றேமுக்கால் மணி நேரம், வர அதைவிடக் கூட. தங்கை தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். அது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "வீங்கின காலை வச்சுக்கிட்டு நான் தினம் படியேறவா?" என்று அக்கா மறுத்துவிட்டாள். டாக்சி ஒவ்வொரு தடவையும் கட்டுப்படியாகாது. திங்கட்கிழமை மட்டும் தங்கை விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனாள். புதன் அக்கா தனியாகப் போய் வந்தாள். வெள்ளிக்கிழமை முதலில் ஒன்றிரண்டு தப்பியது. பிறகு வெள்ளிக்கிழமை என்ற பேச்சையே அக்கா எடுப்பதில்லை.

"ரெண்டு நாள் போதாதுன்னு டாக்டர் சொல்றாரேக்கா."

"அவரு சொல்லிட்டுக் கார்ல போயிடறாரு," என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்புக்குள் மூச்சு வாங்கியது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி வேலை வந்தது. புதிய மையம் எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்தே கேள்வி, பெட்டி எதுவும் வேண்டாம். இந்த முறை பட்டியலில் நூற்று அறுபத்தொரு பேர்தான் இருந்தார்கள்.

"மீதி நாப்பத்தஞ்சு பேர் எங்க சார்?"

"மாசத்துல பன்னெண்டு தடவையும் ஒழுங்கா வந்தவங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்காங்க. வராதவங்களுக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மேலாளர். படிவத்தை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். சராசரி நாலு புள்ளி நாலு வந்தது. ஆஸ்பத்திரி நன்றிக் கடிதம் அனுப்பியது; மற்ற நன்றிக் கடிதங்களை ஒட்டும் சுவரில் மேலாளர் அதை ஒட்டவில்லை. அந்த மட்டும் அவருக்கு மனசு இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். முதல் பஸ் எப்படியோ ஏறி இறங்கியாயிற்று. இரண்டாவது பஸ் வந்து நின்றது. அக்கா கம்பியைப் பிடித்தாள், படியைப் பார்த்தாள், காலைத் தூக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் விலகி விலகி ஏறிக்கொண்டார்கள்.

"அடுத்ததுல போலாம்," என்றாள் அக்கா.

அடுத்ததும் வந்து போனது. அதற்கடுத்ததும். நடத்துநர் ஒருவர் கை கொடுக்கக்கூடச் செய்தார்; அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் முறை தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, இனிப் போனாலும் படுக்கை கிடைக்காது.

"வீட்டுக்குப் போலாம்டி," என்றாள் அக்கா. திரும்பும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும்; அதற்குச் சாலையைக் கடக்க வேண்டும். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வண்டிகள் குறைவதற்காக நின்றார்கள்.