திரும்பி ஓடுகிறவள்

இரண்டு பேர் இல்லாமல் அந்த வீடியோ கேம் திறக்கவே திறக்காது. தம்பி விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் இரண்டாவது கன்ட்ரோலர் அம்மா கைக்கு வந்து சேர்ந்தது. பகல் முழுக்கத் தையற்கூடத்தில் காலர்களை நூல் பிசகாமல் தைக்கிறவள், திரையில் ஓர் ஏணியைக் கண்டால் போதும், திக்குமுக்காடிப் போவாள். மகளுடைய வீராங்கனையைத் தன்னுடையவள் என்று நினைத்துக்கொண்டு, "எங்கடி இருக்கேன் நான்?" என்பாள். அம்மா வந்து சேராமல் திரை நகராது. மகள் முணுமுணுத்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பி ஓடி, ஏணியடியில் மாட்டிக்கொண்ட அம்மாவை அழைத்து வருவாள். போன வாரம் அம்மா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, தம்பி லீவுக்கு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் ஆடுங்கள், என்னால் உனக்குத் தொந்தரவு என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு கேம் திறக்கப்படவில்லை.

மகளுக்கு வீட்டில் ஓவியக்காரி என்று பெயர். ஓவியக் கல்லூரியில் அவள் வரைந்ததெல்லாம் கேம் வீராங்கனைகள்தான், அதுவும் டேப்லெட்டில். ஒரு கோடு பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறு கோடு, அதுவும் பிடிக்காவிட்டால் இன்னொன்று. இப்படியே எந்தப் படமும் முடிந்தபாடில்லை. இதெல்லாம் போன் கவரில் ஒட்டத்தான் லாயக்கு என்று வகுப்பில் சிலர் சொல்லியும்விட்டார்கள். ஆண்டுக் கண்காட்சிக்கு டேப்லெட் கூடாது, ரப்பர் போன்ற லினோ தகட்டில் செதுக்கி அச்செடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரே தகடு என்று ஆசிரியை சொன்னபோது அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு நேரே உள்ள சுவரில் தன் படம் தொங்கி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வாளை ஓங்கியபடி வலப்பக்கம் பாய்ந்து ஓடும் வீராங்கனையைத் தகட்டில் செதுக்கினாள். இந்த மாதிரி கேம்களில் எதிரி, புதையல், வெற்றி எல்லாமே வலப்பக்கம்தான். வலது ஓரத்தில் ஒரு பெரிய பாறையை, அச்சில் கறுப்பாக விழட்டும் என்று, செதுக்காமலே விட்டிருந்தாள். மை பூசி, அழுத்தி, தாளை உரித்தெடுத்ததும் அவளுக்குப் பகீரென்றது. வீராங்கனை இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். அச்சில் படம் திரும்பி விழும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இவளும் வேறெதையோ நினைத்தபடி மண்டையை மண்டையை ஆட்டியிருந்தாள்.

அவளுடைய இரண்டு விரல்கள் தாமாகவே மேசையைத் தட்டின. டேப்லெட்டில் அப்படித் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். மேசையில் மைக்கறைதான் பதிந்தது.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "சண்டைக்குப் போற மாதிரி இல்லையே. அம்மா கூப்பிட்டாங்கன்னு ஓடுற மாதிரில்ல இருக்கு."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் தாளை மறுபடி பார்த்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அவன் சொன்னது நிஜம். கேமில் தினமும் அவள் செய்ததே அதுதான். வலப்பக்கத்து வெற்றிகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. அம்மாவைத் தேடித் திரும்பி ஓடிய ஓட்டங்கள் மட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மிச்சமிருப்பதை இன்னும் செதுக்கலாம். உளியை எடுத்து வாளைச் சீவித் தள்ளினாள். ஓங்கிய கை மட்டும், இதோ வந்துவிட்டேன் என்று சொல்வதுபோல் நின்றது. வீராங்கனையின் இறுகிய வாயை ஒரு கீற்றில் விரியச் செய்தாள். கறுப்புப் பாறைக்குள் ஓர் ஏணி, அதன் அடியில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டைப் பெண். ஒரே மூச்சில் முடித்து மறுபடி அச்செடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படம் முடிந்தது.

கண்காட்சியில் வாசல் சுவர் கிடைக்கவில்லை, மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவர்தான் கிடைத்தது. அது அவளை அவ்வளவாக வருத்தவும் இல்லை. அம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், தோளில் நூல்துணுக்குகளோடு. ஓடுகிறவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எங்கடி இருக்கேன் நான்?"

மகள் ஏணியடியில் விரல் வைத்துக் காட்டினாள்.

அம்மா அந்தக் குட்டைப் பெண்ணையும் பார்த்தாள், மறுபடி ஓடுகிறவளின் வாயையும் பார்த்தாள். "சிரிச்சுக்கிட்டா வர்றே? நான் இத்தனை நாளா நீ சலிச்சுக்கிட்டு வர்றேன்னுல்ல நெனச்சேன்."

இல்லை என்று மகள் தலையை ஆட்டினாள்.

அன்று மாலை கன்ட்ரோலரை முதலில் எடுத்தது அம்மாதான். நேராக ஏணியடிக்குப் போய், மேலே ஏறப் பார்க்காமல், சாவகாசமாக நின்றுகொண்டாள்.

"வா," என்றாள்.